ஒரு செட் போட்டுக் குடுங்க: மதுரை மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுப்பட்டிகளிலும் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் செல்லூர்க்காரி. 31 வருடம் ஆய்வகத்தில் சீழ், சளி, சிறுநீர், ரத்தம் என்று பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மாதம் பிறந்தால் பிரஷர் மாத்திரை வாங்க வந்து நிற்கிறவள்தான்.

போன மாதம் அப்படி ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தபோது பூக்கட்டுகிற அம்மா ஒருவர் வந்தார். வலது கட்டைவிரலில் நகச்சுற்று. நகத்தை ஒட்டி மஞ்சளாகச் சீழ் கோத்து, விரல் பளபளவென்று வீங்கியிருந்தது. “மூணு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தம்பி. நார் புடிக்க முடியலை. ஒரு செட் போட்டுக் குடுங்க” என்றார். தம்பி விரலைப் பார்க்கவே இல்லை. இரண்டு இழுப்பறையைத் திறந்தான். கத்திரி நாலு தடவை நறுக்கியது. ஒரு டூ-இன்-ஒன் ஆன்டிபயாட்டிக், அது போக இன்னொரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. எல்லாம் இரண்டு நாளைக்கு, ஒரு காகித உறையில். அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஒரு நகச்சுற்றுக்கு எதுக்குத் தம்பி இத்தனை ஆன்டிபயாட்டிக்?” என்றேன்.

“இப்ப வர்ற கிருமிக்கு ஒண்ணு கேக்க மாட்டேங்குதுக்கா. ரெண்டு மூணு சேர்த்துக் குடுத்தாத்தான் சாகுதாம். ஆராய்ச்சியிலயே வந்திருக்கு, வாட்ஸ்ஆப்ல பாத்தேன்.”

அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை வைதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பாதி உண்மை. அதனால்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கிருமி. நகச்சுற்று, வேனல்கட்டி, சிலந்திக்கட்டி, ஆபரேஷன் தையலில் கோக்கும் சீழ், சர்க்கரைக்காரர் காலில் ஆறாத புண் என்று நம் ஊரில் சீழ் பிடிக்கிற பலவற்றுக்கும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். லேப்பில் எங்களுக்கு அது வெறும் ‘ஸ்டாஃப்’. மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். கிரேக்க மொழியில் ஸ்டெஃபைலே என்றால் திராட்சைக் கொத்துதான். தட்டில் வளர்த்தால் பொன் நிறத்தில் பூக்கும். அதனால் 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் ‘தங்கம்’ என்று பொருள்படும் பெயரை ஒட்ட வைத்தார். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்குக்குள் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். தோல் கிழிந்தால் உள்ளே இறங்கும். ரத்தத்தில் கலந்துவிட்டால் இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு என்று போகிற இடமெல்லாம் சீழ் மூட்டை கட்டும்.

1928இல் ஃபிளெமிங் தட்டில் பூஞ்சை விழுந்து பென்சிலின் கிடைத்ததே, அந்தத் தட்டில் வளர்ந்திருந்ததும் ஸ்டாஃப்தான். ஆனால் பென்சிலின் புழக்கத்துக்கு வந்த கொஞ்ச வருடத்திலேயே அதைச் செரித்துவிடும் ஸ்டாஃப் ஆஸ்பத்திரிகளில் தலைகாட்டியது. அதற்கு மாற்றாக 1959இல் மெதிசிலின் வந்தது. 1961இல் இங்கிலாந்தில் மெதிசிலினுக்கும் கட்டுப்படாத ஸ்டாஃபைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. மெதிசிலினை இன்று யாரும் நோயாளிக்குப் போடுவதில்லை. கிருமியின் பெயரில்தான் அந்த மருந்து உயிரோடு இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வலையமைப்பில் உள்ள ஆஸ்பத்திரிகளின் அண்மை ஆண்டு அறிக்கைகளைப் பார்த்தால், அங்கே கிடைக்கும் ஸ்டாஃபில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. 2019இல் மட்டும் உலகம் முழுக்க இந்த ஒரு கிருமியின் மருந்து எதிர்ப்பால் ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்று 2022இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது.

நீங்கள் மாத்திரை அட்டையைத்தான் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சீழ் வந்ததும் ரத்தம் கலந்த அகர் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டில் கோடு இழுத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைப்போம். காலையில் திறந்தால் கடுகளவு, வழவழவென்று, பொன்மஞ்சளாக முளைத்திருக்கும். சுற்றிலும் ரத்தச் சிவப்பு கரைந்து கண்ணாடி மாதிரி ஒரு வளையம். ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் சோடா மாதிரி பொங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கலந்து வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் பிளாஸ்மா உறை ஊற்றிய தயிராய் நிற்கும். சரி, ஸ்டாஃப் ஆரியஸ்தான். அடுத்து அதை இன்னொரு தட்டில் பாய் விரித்தாற்போல் தேய்த்து, மேலே மருந்து தோய்ந்த வட்ட வட்டக் காகிதப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் காலை பொட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மெதிசிலினுக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் செஃபாக்சிட்டின் பொட்டைச் சுற்றி 22 மில்லிமீட்டர் இருந்தால் பிழைத்தோம். 21 வந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு மில்லிமீட்டரில் நோயாளியின் தலையெழுத்து மாறும் என்பதால் நான் எப்போதும் இரண்டு தடவை அளப்பேன். இன்குபேட்டரின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் எம்.ஆர்.எஸ்.ஏ. சாதாரண ஸ்டாஃப் மாதிரி நடித்துத் தப்பிவிடும் என்பது தனிக் கதை. மின்சாரம் போய்ப் போய் வந்த காலத்தில் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்தே என் கண் பூத்தது.

அதே தட்டில் இன்னொரு விந்தை உண்டு. எரித்ரோமைசின் பொட்டையும் கிளிண்டாமைசின் பொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். சில ஸ்டாஃபுக்கு, கிளிண்டாமைசினைச் சுற்றி நல்ல பெரிய வட்டம் விழுந்திருக்கும்; ஆனால் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் வட்டம் தட்டையாக நசுங்கிப் பாதி நிலா மாதிரி நிற்கும். என்ன அர்த்தம்? எரித்ரோமைசினின் வாடை பட்டதுமே கிருமி உஷாராகி, கிளிண்டாமைசினுக்கும் சேர்த்துக் கேடயத்தைத் தூக்கிவிட்டது. இரண்டு மருந்து பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? ஒன்று மற்றதன் காலை வாரிவிடுவதை நான் வாரத்துக்கு இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தத் தம்பி சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன்.

வாட்ஸ்ஆப்பில் அவன் பார்த்தது எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட ஆராய்ச்சி உண்டு. 2015இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று மெரோபெனெம், பைபராசிலின், டாசோபேக்டம் மூன்றையும் சேர்த்து எம்.ஆர்.எஸ்.ஏ. மீது சோதித்தது. மூன்றும் பென்சிலின் வம்சம். தனித்தனியாக விட்டால் எம்.ஆர்.எஸ்.ஏ. மூன்றையும் தூசி மாதிரி தட்டிவிடும். மூன்றையும் ஒன்றாக விட்டபோது கிருமி செத்தது. எதிர்ப்பு முளைப்பதும் அடங்கியது. ஏன் என்றால், இந்த வம்ச மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் கொத்தனார்களைப் பிடிக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் இவற்றின் கைக்குச் சிக்காத ஒரு கூடுதல் கொத்தனார் இருக்கிறார். மற்றவர்களைப் பிடித்தாலும் அவர் ஒருவரே சுவரை எழுப்பிவிடுவார். மூன்று மருந்தும் சுவர் வேலையை வேறு வேறு இடத்தில் மறிக்க, அதில் ஒன்று அந்தக் கூடுதல் கொத்தனாரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அவர் கையை விரிய வைக்க, அந்த நேரம் பார்த்து மற்றது கையைப் பிடித்துவிடுகிறது. படித்தபோது எனக்கே புல்லரித்தது. ஆனால் அது செத்தது ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியின் உடம்பிலும். அதில் இரண்டு மருந்து ஊசியாக மட்டுமே கிடைப்பவை. மூன்றாவதும் பைபராசிலினோடு ஒரே குப்பியில் வருவது. உங்கள் இழுப்பறையில் இருக்கும் எந்த மாத்திரையும் அதில் இல்லை.

சேர்த்துக் கொடுப்பது புதிதும் இல்லை. டி.பி.க்குச் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய டி.பி. மருந்தாய்வு மையம், ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து, ஆஸ்பத்திரியில் படுத்தவர்களையும் வீட்டிலேயே இருந்து மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். உலகம் முழுக்க டி.பி. சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம். தொழுநோய்க்கும் 1982 முதல் கூட்டு மருந்துதான்.

நம் ஊர்ப் பெயரையே தாங்கிய வியாதி ஒன்றும் இருக்கிறது, தெரியுமா? மதுரைக்கால். வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு முள் குத்திய இடத்தில் பாதம் வீங்கி, துளை துளையாகச் சீழும் குருணையும் வடியும். 1842இல் கில் என்ற மருத்துவர் இங்கே பார்த்து எழுதினார். 1846இல் கோல்புரூக் என்பவர் நம் ஊர்ப் பெயரை அதற்கு வைத்தார். அதில் ஒரு வகை பூஞ்சையால் வருவது, இன்னொரு வகை பாக்டீரியாவால் வருவது. பாக்டீரியா வகைக்கு இன்றைக்கும் கோட்ரைமாக்சசோலையும் அமிகாசினையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். எந்த வகை என்று குருணையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு.

சேர்ப்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து ஸ்டாஃபை அருமையாகக் கொல்லும். ஆனால் கோடிக் கிருமியில் ஏதோ ஒன்று பிறவியிலேயே அதற்கு அடங்காததாக இருக்கும். ஒரு கட்டிச் சீழில் கோடிக்குக் குறையாமல் கிருமி உண்டு. தனியாகக் கொடுத்தால் அந்த ஒன்றைத் தவிர எல்லாம் சாகும். சில நாளில் அந்த ஒன்றின் வாரிசுகளே கட்டியை நிரப்பும். வேறு வழியில் கொல்லும் இன்னொரு மருந்தும் கூட இருந்தால், இரண்டுக்கும் அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அதனால் ரிஃபாம்பிசினை ஸ்டாஃபுக்குத் தனியாகக் கொடுக்கவே கூடாது என்பது லேப்பில் சேர்ந்த முதல் வருடமே என் காதில் விழுந்த பாடம்.

அப்படியென்றால் ரத்தத்தில் ஸ்டாஃப் இருக்கும் எல்லோருக்கும் ரிஃபாம்பிசினையும் கூடச் சேர்த்துவிட்டால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 29 ஆஸ்பத்திரிகளில் 758 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. மொத்தத்தில் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு 2020இல் வந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இஸ்ரேல், நியூசிலாந்து என்று நாலு நாட்டில், ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்த 352 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான வான்கோமைசினோ டாப்டோமைசினோ மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு ஃப்ளூக்ளாக்சசிலின், க்ளாக்சசிலின், செஃபசோலின் மாதிரி பென்சிலின் வம்ச மருந்து ஒன்று. தட்டில் பார்த்தவரை இந்தச் சேர்க்கை பிரமாதம். உடம்பிலும் ஒரு விஷயம் சரியாகவே நடந்தது: ஐந்தாம் நாளும் ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள் வழக்கமான பக்கத்தில் நூற்றுக்கு 20, சேர்த்த பக்கத்தில் 11. ஆனால் கிட்னி அடிபட்டவர்கள் வழக்கமான பக்கத்தில் நூற்றுக்கு 6, சேர்த்த பக்கத்தில் 23. 90 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான பக்கத்தில் நூற்றுக்கு 16, சேர்த்த பக்கத்தில் 21. அது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் குறையவில்லை என்பது மட்டும் நிச்சயம். கண்காணிப்புக் குழு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. தினம் ரத்தம் எடுத்து, கிட்னி கெடுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, பக்கத்திலேயே டாக்டர் நின்ற ஆஸ்பத்திரிகளில் நடந்த கதை இது.

1951லேயே இன்னொரு பாடம் கிடைத்தது. நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குப் பென்சிலின் மட்டும் வாங்கியவர்களைவிட, பென்சிலினோடு டெட்ராசைக்ளின் வகை மருந்தும் சேர்த்து வாங்கியவர்கள் அதிகம் செத்தார்கள். பென்சிலின், கிருமி சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அதைக் கவிழ்க்கும். டெட்ராசைக்ளின் கிருமியின் வேலையையே நிறுத்திப் படுக்க வைத்துவிடும். கட்டாத சுவரை எங்கே போய் இடிக்க? இரண்டு மருந்தும் நல்ல மருந்து, சேர்த்ததுதான் தப்பு. எதோடு எதைச் சேர்க்கலாம் என்பது அந்தந்தக் கிருமியையும் அந்தந்த உடம்பையும் பொறுத்தது. மோரும் புளியும் தனித்தனியாக நல்லதுதான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு 52 வயது. மாட்டுத்தாவணிப் பக்கம் லோடு இறக்கும் வேலை. சர்க்கரை உண்டு. குதிகாலில் ஆணி குத்தினது ஆறவில்லை. என்னிடம் சொன்னால் நான் வைவேன் என்று மறைத்துவிட்டான். மூன்று மாதமாக ஒரு கடையில் செஃபிக்சிமும் ஆஃப்ளாக்சசினும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை இரண்டு இரண்டாக வாங்கிப் போட்டிருக்கிறான். வலித்தால் இரண்டு, வலி நின்றால் விட்டுவிடுவது, மறுபடி இரண்டு. எந்தக் கடை, எந்தத் தெரு என்று எழுதமாட்டேன். அந்தக் கடைக்காரர் தனியாகச் செய்த தப்பு இல்லை அது. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். செஃபிக்சிம் ஸ்டாஃபுக்குச் சரியாகக் கேட்காத மருந்து. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றில்லை, சாதாரண ஸ்டாஃபுக்கே கேட்காது. மூன்று மாதம் அவன் சீழுக்கென்று விழுங்கியதில் பாதி, சீழுக்கான மருந்தே இல்லை.

ஒரு ராத்திரி குளிர் காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கினான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. ஆஃப்ளாக்சசினும் வேலைக்கு ஆகாது என்று தட்டு காட்டியது. வான்கோமைசின் தொடங்கினார்கள். அது மாத்திரை மாதிரி போட்டுவிட்டுப் போகிற மருந்து இல்லை. குறைந்தது ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும். ஐந்தாம் நாளும் ரத்தத்தில் கிருமி போகவில்லை. “இன்னொரு மருந்து சேர்க்கலாமா டாக்டர்?” என்று நான்தான் கேட்டேன். 31 வருட அனுபவக்காரி இல்லையா. அவர் கிரியாட்டினின் சீட்டை என் கையில் கொடுத்தார். சேர்ந்தபோது 0.9 இருந்தது 1.7 ஆகியிருந்தது. “சேர்த்தா ரத்தம் ரெண்டு நாள் முன்னாடி சுத்தமாகலாம்மா. கிட்னி போயிட்டா யாரு பதில் சொல்றது? மொதல்ல எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுவோம்” என்றார். ஸ்கேனில் பார்த்தால் முதுகெலும்பை ஒட்டிய தசைக்குள் சீழ்க்கட்டி. அதைக் குழாய் போட்டு வடித்தார்கள். வான்கோமைசினை நிறுத்தி டாப்டோமைசினுக்கு மாற்றினார்கள். அப்புறம் ரத்தம் சுத்தமானது. எந்த மருந்துச் சேர்க்கையும் செய்யாததை ஒரு குழாய் செய்தது. ஆறு வாரம் ஊசி. ஒரு குப்பி மருந்து ஆயிரக் கணக்கில். தங்கச்சி வளையல் அடகுக்குப் போனது. தம்பி பிழைத்துவிட்டான், இரண்டு கால்விரல் போய்விட்டது. இப்போது லோடு இறக்குவதில்லை, டோக்கன் எழுதுகிறான்.

அதே டாக்டர் வேறு ஒருவருக்கு, டாப்டோமைசினோடு இன்னொரு மருந்து சேர்த்ததையும் அதே வார்டில் பார்த்தேன். இதய வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்ட சின்ன வயசுப் பையன். வேறு வழி இல்லாத இடத்தில், எதைச் சேர்க்கிறோம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று எழுதி வைத்துக்கொண்டு சேர்த்தார். ஆக, சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

உங்கள் ‘செட்’டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் கொடுக்காவிட்டால் அந்தப் பூக்கார அம்மா நாலு கடை தள்ளிப் போய் வாங்கிவிடுவார். டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், ஒரு நாள் பூ வியாபாரம் எல்லாம் சேர்த்தால் அவருக்கு ஆயிரம் ரூபாய் போய்விடும். உங்கள் செட் நூறு ரூபாய்க்குள் முடிகிறது. பத்து அட்டை எடுத்தால் இத்தனை அட்டை இலவசம் என்று கம்பெனிக்காரர் கொண்டுவந்து கொட்டுகிறார். டாக்டர் சீட்டே இல்லாமல் கேட்பவர்களிடம் காலையிலிருந்து ராத்திரி வரை மல்லுக்கட்ட யாரால் முடியும்? ஏன், நானே செய்திருக்கிறேன். என் மகன் ஆறாவது படிக்கும்போது முழங்காலில் கட்டி. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கடையில் அரை அட்டை ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, லேப்புக்குப் போய் அடுத்தவன் சீழைத் தட்டில் இழுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும், மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணை, செஃபிக்சிம் உட்பட அதில் உள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்கிறது. எழுதிய டாக்டர், வாங்கியவர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மூன்று வருடம் வைக்கச் சொல்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு வேறு. அந்தக் கோட்டைக் குறுக்கே நறுக்கித்தானே இரண்டு இரண்டாகக் கொடுக்கிறோம்? 2016இல் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. வழக்குக்குப் பிறகு மறுபடி பரிசீலித்து 2018இல் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. காரணம் எளிது: இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்ததற்கு மருத்துவ நியாயம் ஏதும் இல்லை. தேனிக்கு அந்தப் பக்கம், கேரளாவில், சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனையைப் பிடிக்க 2024இல் தனிச் சோதனையே தொடங்கினார்கள். மலையைத் தாண்டினால் கிடைக்காத மருந்து இங்கே கேட்டதும் கிடைக்கிறது என்பது நமக்குப் பெருமை இல்லை.

நான் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வரப்போவதில்லை. சீழ் விஷயத்தில் மட்டும் ஒரு ஒத்துழைப்புக் கேட்கிறேன். காய்ச்சல், சளிக்கான செட்டைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்வோம்.

சீழ் பிடித்த எதற்கும் கவுண்டரிலிருந்து ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். சின்ன நகச்சுற்று, சின்னக் கட்டி என்றால் பல நேரம் டாக்டர் கீறிச் சீழை வெளியேற்றினாலே போதும், மாத்திரையே வேண்டியிருக்காது. அதைச் சொல்லி அனுப்புங்கள். காய்ச்சல், சர்க்கரை, சிவப்பு மேலே ஏறுவது, ஆபரேஷன் செய்த இடம், கைக்குழந்தை என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். முக்கியமானது இது: மாத்திரை வாயில் போடுவதற்கு முன்னால் சீழ் டெஸ்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் உங்கள் செட்டைச் சாப்பிட்டுவிட்டு வருபவரின் சீழில் எங்களுக்குப் பல நேரம் ஒன்றும் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் கொடுப்போம். உள்ளே கிருமி குத்துக்கல்லாக இருக்கும். அப்புறம் டாக்டரும் இருட்டில்தான் கல் எறிய வேண்டும். அப்படி எறியும்போதுதான் அவரும் இரண்டு மூன்றைச் சேர்த்து எறிகிறார்.

சீட்டோடு வருபவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு எழுதும் லினசோலிட் மாத்திரையை வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், “ரத்தத்துல பிளேட்லெட் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டி ரிஃபாம்பிசின் மட்டும் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். புண்ணுக்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்டீராய்டு கலந்த ஆயின்மெண்டை நீட்டாதீர்கள். இரண்டு நாள் சிவப்பு அடங்கும், சீழ் உள்ளே பெருகும்.

“குடுக்கலைன்னா சண்டைக்கு வர்றாங்கக்கா” என்று சொல்வீர்கள். வருவார்கள். அந்தப் பூக்கார அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, இது மாத்திரையில போற சீழ் இல்ல. கீறி எடுத்தா இன்னைக்கே வலி நின்னுரும்.” வலி இன்றைக்கே நிற்கும் என்பதைக் காட்டிலும் நல்ல விளம்பரத்தை உங்கள் செட்டால்கூடக் கொடுக்க முடியாது.

வாட்ஸ்ஆப் தம்பிக்கு: நீ படித்தது தப்பில்லை, எலிக்கு எழுதியதை ஆளுக்குக் கொடுத்துவிட்டாய். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வா. பாதி நிலா மாதிரி நசுங்கிய அந்த வட்டத்தின் போட்டோ என் ஃபோனில் இருக்கிறது, காட்டுகிறேன்.

பூக்கார அம்மாவை நேற்று யானைக்கல் பக்கம் பார்த்தேன். விரலில் துணி சுற்றியிருந்தது. அதே கடையில் மூன்றாவது செட் ஓடுகிறதாம். நாளைக் காலை நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் பிரஷர் மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு கடையிலும் என்னிடம் சீட்டைக் கேட்டதில்லை. இந்தத் தடவை பையில் வைத்துக்கொண்டு வருகிறேன். கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
செல்லூர், மதுரை